தங்கச்சியின் காணியில் ஒரு இயற்கைப் பண்ணை

தொண்டர் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குச் சம்பளம் இல்லாத வேலைக்காரி என்றுதான் பொருள். சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முன்பு நான் தொண்டர் ஆசிரியை. சம்பளம் வாங்குகிற ஆசிரியர்கள் சுகயீன லீவு எடுத்துக்கொண்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட, அவர்களுடைய வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவள். அரசாங்க உத்தியோகத்தின் மதிப்பைச் சொல்ல, கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பார்கள். நான் கோறணமேந்துக் கோழியைச் சும்மா மேய்த்தேன். என்றைக்காவது நியமனம் வரும் என்று அதிபர் சொல்லிக்கொண்டே இருந்தார். நியமனத்துக்கு முன்பு கடல் வந்துவிட்டது. ‘டீச்சர்’ என்ற பெயர் மட்டும் என்மேல் ஒட்டிக்கொண்டு மிஞ்சியது.

தேற்றாத்தீவில் கடலோரம் இருந்த எங்கள் வீடு போனது. அம்மாவும் போய்விட்டார். அதை நான் இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அதை விரித்து எழுதுவதற்கென்றே அந்த நாட்களில் கமெராவும் கையுமாகப் பலர் வந்து போனார்கள்.

காணி விசயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. எங்கள் ஊரில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை மாப்பிள்ளையாக இன்னொரு வீட்டுக்குப் போகிறவன். அப்பாவும் அப்படித்தான் ஆரையம்பதியில் இருந்து ஒரு சைக்கிளோடு அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். கடலோர வீடு மூத்தவளான எனக்கு. பெரிய தெருவுக்கு மேற்கே, வாவியை ஒட்டிக் கிடந்த காணி தங்கச்சிக்கு. என்னுடையதைக் கடல் எடுத்தது, எடுத்த இடத்தில் இனி வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொன்னது. ஆக, எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது தங்கச்சியின் அந்த ஒரு துண்டு. அவளுக்குக் களுதாவளையில் ஒரு மேசன் பொடியனைப் பேசி வைத்திருந்தோம். வீடு கட்டிக் கொடுத்தால் கல்யாணம். வீடு இல்லாமல் பெண்ணைக் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

காணி முழுக்கப் பள்ளம். மாரியில் வாவி நிரம்பினால் தண்ணீர் ஏறி நிற்கும். நடுவில் ஒரு மேடு மட்டும் நனையாது. வீடு கட்ட முடிந்த இடம் அந்த மேடு ஒன்றுதான். தங்கச்சி பெரியபிள்ளையான நாளில் இருந்து அம்மா அந்த மேட்டைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்.

அந்தக் காலத்தில்தான் ஒரு உதவி நிறுவனத்தின் பணிப்பாளர் வந்தார். உதவி வாகனங்கள் காகங்களைவிட அதிகமாக இருந்த மாதங்கள் அவை. கொழும்பில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர், பேசுவது புத்தகத் தமிழ், எங்கள் ஊர்ப் பேச்சு பாதிதான் விளங்கும். நல்ல மனிதர் என்றே எல்லோரும் சொன்னார்கள், நல்ல மனிதராக இருப்பதற்கு அவருக்கு நேரமும் வசதியும் இருந்தன. எங்கள் காணிக்கு வந்து, குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி மணந்து பார்த்து, இந்த மண் தன்னோடு பேசுகிறது என்றார். கடல் தெருவைத் தாண்டி வந்து அங்கே நின்றுவிட்டுப் போயிருந்தது, கிணறு உப்பு, புல்கூட முளைக்கவில்லை. பேசியது உப்பாகத்தான் இருக்கும்.

உயிர்ப்பல்வகைமைப் பண்ணை ஒன்று அமைக்கப் போகிறாராம். இரசாயனம் இல்லை, இயந்திரம் இல்லை. நிலத்தை உயிர்ப்பித்துத் தருவாராம், பாரம்பரியத் திறன்களை ஊருக்குத் திரும்பக் கற்றுக்கொடுப்பாராம். எங்களுக்கு அந்தக் காணி அப்போது சும்மா கிடந்தது. உயிர்ப்பித்தால் நல்லதுதானே என்று நான் சம்மதித்தேன். இது தங்கச்சியின் சீதனக் காணி, அவளுக்குக் கல்யாண முடிப்பு வரும்போது விட்டுவிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து போய், நாங்கள் தங்கியிருந்த அகதி முகாமின் மறுபக்கத்தில் கடதாசி விளையாடிக்கொண்டிருந்த அப்பாவிடம் கைகூப்பி, குடும்பத் தலைவர் அவர்களே, ஒரு கையெழுத்து என்றார். முப்பது வருசம் பெண்டாட்டி வீட்டில் இருந்த மனுசனை வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் தலைவர் என்றிருக்கிறார். அப்பா எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். என்னை எதற்கும் கேட்கவில்லை. நான் சிரித்தேன். எங்கள் ஊரில் ஒருவனுக்கு மாமியார் வீட்டுக் காணியை எழுதிக்கொடுக்க என்ன உரிமை இருக்கிறதோ, அதே உரிமை அந்த வளவில் மேய்கிற மாட்டுக்கும் இருக்கிறது.

காணியை விட்டு நகரக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் நானும் பண்ணையில் சேர்ந்தேன். என்னைத் தொண்டர் என்றார்கள். மறுபடியும்.

வெளிநாட்டில் இருந்து வந்தவர்களும் தொண்டர்கள்தான். ஆனால் அவர்கள் காசு கட்டிவிட்டு வந்திருந்தார்கள். இதை நான் முதலில் நம்பவில்லை. எங்கள் வெயிலில் எங்கள் மணலைக் கொத்துவதற்கு இன்னொரு நாட்டில் வரிசையில் நின்று பணம் கட்டுகிறார்களாம். அவர்கள் காசு கொடுத்து வேலை செய்தார்கள், நாங்கள் காசு இல்லாமல் வேலை செய்தோம், நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்துப் புன்னகைத்தவர் மட்டும் வேலை செய்யவில்லை.

காலையில் வட்டமாக நின்று மண்ணுக்கு நன்றி சொல்ல வேண்டும். அதை நான் ஊர்ப் பெண்களுக்கு மொழிபெயர்க்க வேண்டும். என்ன கா சொல்றாங்க என்று அவர்கள் கேட்பார்கள். தேத்தண்ணி பத்து மணிக்காம் என்று நான் சொல்வேன். பெண்கள் மகிழ்ச்சியோடு தலையாட்டுவார்கள், பணிப்பாளர் கண் கலங்குவார்.

பண்ணையில் கோழி வளர்த்தோம். வாவிக்கரையில் இருந்து ஒரு கபரக்கொய்யா, உடும்பைவிடப் பெரிய சாதி, வந்து முட்டைகளைத் தின்னப் பழகியது. ஊரில் என்றால் ஒரு தடியோடு விசயம் முடிந்திருக்கும். பணிப்பாளர் தடியைப் பிடுங்கி வைத்துவிட்டு, இது அதற்கும் வீடு என்று ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டார். முட்டை முடிந்தபிறகு அது குஞ்சுகளைத் தின்றது. குஞ்சுகள் முடிந்தபிறகு கோழிகளைத் தின்றது. கொழுத்துப்போய் நடக்க முடியாமல் அது கூட்டுக்குள்ளேயே படுத்திருக்க, வெள்ளைக்காரர் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். பண்ணையில் உயிர்பெற்றுத் தழைத்த முதல் உயிர் அதுதான்.

தண்ணீர் இறைக்கிற மெசினும் ஆகாது என்றார். வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டக்காரர் மெசினைப் போட்டுவிட்டு வேலியில் சாய்ந்து நிற்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள் கிணற்றுத் துலாவில் ஏறி மிதித்து இறைத்தோம். அந்த மனிதர்களின் தகப்பன்மார் துலாவில் இருந்து தப்பியது எப்போதோ. அவர்கள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

கூரைக்குத் தென்னோலைக் கிடுகு பின்னுகிற பயிற்சி ஒன்று நடந்தது. வேறு ஏதோ நாட்டில் ஓலை பின்னக் கற்ற ஒருத்தி வந்து கற்றுக்கொடுத்தாள். ஊர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். நேற்றுவரை கிடுகுக்குக் கீழேதான் இருந்தவர்கள். கிடுகில் இருந்து தகரத்துக்கு ஏறுவதற்காகக் அரசாங்கக் கச்சேரிக்கும் கந்தோருக்கும் அலைந்துகொண்டிருந்தவர்கள். அவர்களில் ஒருத்தி என் காதில், “இதப் பின்னிக் குடுத்தா தகரம் தருவாங்களா கா?” என்று கேட்டாள். அவர் என்ன கேட்கிறார் என்று பணிப்பாளர் என்னிடம் கேட்டார். ஓலையின் வாசம் பிடித்திருக்கிறதாம் என்றேன்.

எங்களுக்குத் தகரம் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. வீட்டுத் திட்டத்தில் எங்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். வேறு காணி இருக்கிறவர்களாம் நாங்கள். அந்த வேறு காணியில் கபரக்கொய்யா குடியிருந்தது. தங்கச்சியின் மேசனுக்கு அவசரம் இல்லை. கடல் இடித்த வீடுகளை எல்லாம் அவன்தான் கட்டிக்கொண்டிருந்தான், ஒரு நாளில் இரண்டு இடத்துக் கூலி. அவனுடைய தாய்க்குத்தான் பொறுமை குறைந்துகொண்டு வந்தது. களுதாவளைப் பிள்ளையார் கோயிலில் என்னைக் கண்டால் அத்திவாரம் எப்ப என்று கேட்பார்.

பிறகு சண்டை மறுபடியும் மூண்டது. வாவிக்கு மேலால் ஷெல் போனது, படுவான்கரைச் சனம் சட்டி பானையோடு இந்தக் கரைக்கு வந்து பள்ளிக்கூடங்களில் இறங்கியது. பண்ணையில் இருந்தவர்கள் ஒரு காலையில், மண்ணுக்கு நன்றி சொல்லாமலே, வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். பணிப்பாளர் என் இரண்டு கைகளையும் பிடித்து, பண்ணையை உங்களிடம் ஒப்படைக்கிறேன் டீச்சர் என்றார். எங்கள் காணியை எங்களிடமே ஒப்படைத்தார். பெயர் அச்சடித்த சட்டைகளும் தெருவோரத்தில் ஒரு பெரிய பலகையும் மிஞ்சின. பலகையில் மூன்று நாட்டுக் கொடிகள்.

அந்தப் பலகையைப் பிடுங்கி விறகாக்கலாம் என்றுதான் இருந்தேன். நல்லகாலம் கை வைக்கவில்லை. வாவிக்கரையில் சும்மா கிடந்த வளவுகளில் ஒவ்வொன்றாகத் துப்பாக்கியோடு துவக்குக்காரர் வந்து இருக்கத் தொடங்கினார்கள். எந்தத் துவக்குக்காரர் என்று பிரித்துச் சொல்வதில் பயனில்லை, முள்ளுக்கம்பி அடித்தபிறகு எல்லா வளவும் ஒன்றுதான். எங்கள் மேட்டில் ஏறி நின்றால் அக்கரை தெரியும். ஒருநாள் நாலைந்து பேர் வந்து மேட்டில் ஏறி நின்று கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். நான் பண்ணைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாணிக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவாலேயே நடந்து போனேன். வெள்ளைக்காரர் நாளைக்கு வருகிறார்கள் என்று பாதித் தமிழிலும் பாதிச் சிங்களத்திலும் சொன்னேன். பலகையைப் பார்த்தார்கள், சாணியை மணந்தார்கள், போய்விட்டார்கள். பக்கத்து வளவு போனது. எங்களுடையது தப்பியது.

அன்றில் இருந்து நான் ஆளில்லாத பண்ணைக்குத் தனித் தொண்டர். யாராவது பார்க்கும்படி வேலை நடக்க வேண்டும். அதனால் இலையும் சாணியும் அடுக்கி எரு போட்டேன், துலா மிதித்தேன், பயற்றங்கொடியும் பூசணியும் நட்டேன். மழைகள் போய் உப்புத் தன்னால் கரைந்ததோ, எருவால் கரைந்ததோ, காய்க்கத் தொடங்கியது. டீச்சருக்கு மூளை கழண்டுவிட்டது என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். மேடு எங்களிடம் இருந்தது.

சண்டை முடிந்தது. தெருவில் வெடி கொளுத்தினார்கள். யார் கொளுத்தினார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள் என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். புகை அடங்கிக் கொஞ்ச நாளில் பணிப்பாளர் புதுத் தொண்டர்களோடு வந்து இறங்கினார். பூசணிக் கொடியைக் கண்டு மண்டியிட்டார். போருக்குள்ளும் இயற்கையைக் கைவிடாத மக்கள் என்று வந்தவர்களுக்கு என்னைக் காட்டினார். துவக்குக்காரரைப் பற்றி நான் சொல்லத் தொடங்க, அவர் அதை மொழிபெயர்க்கவில்லை.

இந்தமுறை அவர் மனதில் இருந்தது ஒரு மண்டபம். சீமெந்து இல்லாமல், மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டுகிற பயிற்சி மண்டபம். குடும்பத் தலைவரிடம் அனுமதி வாங்கிவிட்டாராம். அப்பாவிடம் போய்ப் பார்த்தேன். புது வேட்டியோடு இருந்தார். ஓம் எண்டு சொன்னன் புள்ள, பாவம் மனுசன் தூரத்தில இருந்து வந்திரிக்கார் என்றார்.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அன்றிரவு பாயில் புரண்டு படுத்தபோதுதான் யோசனை வந்தது. பெண்ணின் வளவில் எழும்புகிற வீடு பெண்ணுக்குத்தான். அண்ணன் கட்டினாலும் அப்பன் கட்டினாலும் லண்டன்காரன் கட்டினாலும் அதுதான் வழக்கம். எங்களிடம் வீடு கட்ட வழியில்லை. அவரிடம் கையும் காலும் வைத்துக்கொண்டு, கட்டுவதற்குக் காசும் கொடுத்துவிட்டு நிற்கிற ஆட்கள் இருந்தார்கள். கட்டட்டும் என்று முடிவெடுத்தேன். ஊரான் வீட்டு நெய்யே என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை அன்றைக்கு மனதுக்குள் முழுதாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் வட்டமான மண்டபம் வரைந்து வைத்திருந்தார். எங்கள் பாரம்பரியத்தில் வட்டம் ஆகாது என்றேன். பாரம்பரியம் என்ற சொல் விழுந்ததும் பேனாவை எடுத்தார். மேட்டில்தான் கட்ட வேண்டும், வாசல் கிழக்குப் பார்க்க வேண்டும், அக்கினி மூலையில் அடுப்போடு குசினி வேண்டும் என்றேன். பயிற்சி மண்டபத்துக்கும் குசினியா என்று கேட்டார். எந்த மண்டபமானாலும் என்றேன். சாமி அறை, ஒரு படுக்கை அறை, சாமான் வைக்க ஒரு சின்ன அறை. எல்லாவற்றையும் எழுதி எழுதிக் கேட்டார். ஐந்து பேர் படுத்து எழும்புகிற ஒரு வீட்டை இப்படி மண்டபம் என்று சொல்லி அவர் கையாலேயே வரையவைத்தேன்.

எங்கள் கரையில் எல்லாம் மணல். மண்சுவருக்கு மணல் ஆகாது என்பதை அவருடைய படப் புத்தகம் சொல்லியிருக்கவில்லை. முதல் சுவர் இடுப்பளவு வந்து, ஒரு மழைக்குப் பாயாசமாக இறங்கியது. அதன்பிறகு பட்டிருப்புப் பாலத்தால் உழவு மெசினில் களிமண் ஏற்றிவந்தோம். வைக்கோலைத் தூவி, தண்ணீர் விட்டு, காலால் மிதித்துக் குழைக்க வேண்டும். வெள்ளைக்காரர் அதையும் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ தியானம்போல மெல்ல மெல்ல மிதித்தார்கள். அப்படி மிதித்தால் கட்டி உடையாது. என் தங்கச்சி படுக்கப் போகிற அறையின் சுவர். இவர்களை நம்பி விடலாமா? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் குழிக்குள் இறங்கினேன். குழைத்ததை ஒரு இரவு ஊற விட்டு மறுபடி மிதித்தேன். குதிக்கால் வைத்த இடத்தில் மண் விடாமல் பிடித்தால் சரி. அதற்குமுன் ஒரு உருண்டையைக்கூடச் சுவரில் வைக்க விடவில்லை. அதுவரை கண்ணை மூடி மிதித்தவர்கள் என் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்து மிதித்தார்கள்.

அவர்களில் ஒருத்தி மட்டும் நன்றாக வேலை செய்தாள். மெலிந்த பெட்டை, குதிக்கால் வெடித்து இரத்தம் கசிய மிதித்தாள். ஒருநாள் சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்து, இதில் யார் இருக்கப் போகிறார்கள் என்று என்னைக் கேட்டாள். அத்தனை பேரில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். படிக்க வருகிறவர்கள் என்றேன். அவளை என்னால் வெறுக்க முடியவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

கூரைக்குக் கிடுகு வைத்து, சாணி மெழுகி, வீடு முடிந்தது. மண்டபத் திறப்புக்கு ஏதாவது பாரம்பரியச் சடங்கு உண்டா என்று பணிப்பாளரே கேட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். பால் காய்ச்சலாம் என்றேன். நல்ல நாள் பார்த்து, குசினியில் மூன்று கல் வைத்து, தங்கச்சியைக் கூட்டிவந்து அடுப்பு மூட்டவைத்தேன். பால் கிழக்கே பொங்கியது. ஊர்ப் பெண்கள் குரவை இட்டார்கள். அவர்களுக்கு விசயம் விளங்கிவிட்டது, வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பால் காய்ச்சினால் வீடு குடிபுகுந்தாயிற்று என்பது தெரியாத ஒரே ஆள் கமெராவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். இது தங்கச்சியின் காணி, அன்றைக்கே சொன்னேன், அவளுக்கு முடிப்பு வந்துவிட்டது, வீடும் அவளுடையது என்றேன். அவர் நம்பவில்லை. நேரே அப்பாவிடம் போனார். நானும் பின்னால் போனேன். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, “நான் இஞ்ச வந்து இரிக்கிற ஆள் தம்பி. காணி பூமி எல்லாம் புள்ளைகள்ட” என்றார். அப்போது அந்தக் கையெழுத்து என்று பணிப்பாளர் கேட்க, “கேட்டீங்க, போட்டன்” என்றார் அப்பா.

பணிப்பாளர் சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்து நான்கு நாளாக வார்த்தைகளைத் தீட்டி வைத்திருந்தேன். அவர் வாவிக்கரையில் கொஞ்ச நேரம் போய் நின்றார். திரும்பி வந்து எல்லோரையும் வட்டமாக நிற்கச் சொல்லி, இந்தக் கட்டடத்தை இன்று சமூகத்திடம் கையளிக்கிறோம் என்று பேசினார். தங்கச்சியின் கையில் ஒரு பூங்கன்றைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். தோல்வியைக்கூட இவர்களால் படம் எடுத்து வெற்றியாக்க முடிகிறது. நான் தீட்டி வைத்த ஒரு வார்த்தையும் பயன்படவில்லை. அந்தக் கிழமையே போய்விட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். நான் வாசலுக்குக் கோலம் போட்டு, வாழைக்குலை தொங்கவிட்டு, தலைகால் புரியாமல் நின்றேன். மேசன் உள்ளே வந்து, சுவரை விரல் கணுவால் தட்டிப் பார்த்தான். மூலையைக் கண்ணால் அளந்தான். நல்ல குளிர்மையா இரிக்கு என்றான். தாய் அறை அறையாகப் போய்ப் பார்த்தார், குசினியையும் பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்துக் குவளையைக் கீழே வைத்தார்.

“இது இரிக்கட்டும் மகள்,” என்றார். “வீடு எப்பக் கட்டப் போறீங்க?”

அவர் நக்கலடிக்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. பண்ணைக்காரர் விட்டுப்போன கொட்டில் ஒன்றில் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்திருக்கிறார்கள், வீடு இனித்தான் என்று அந்த மனுசி உண்மையாகவே நினைத்திருந்தார்.

அவர்கள் போனபிறகு நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். சீமெந்தைத் தின்கிற கூட்டம் என்றேன். கல்வீட்டில் வெயில் நேரம் இருக்க முடியுமா, இந்தச் சுவரின் தடிப்புத் தெரியுமா, இந்த மண் எத்தனை மழையைத் தாங்கும் தெரியுமா, சாணி மெழுகிய தரையில் படுத்தால் நோய் வருத்தம் வராது என்றெல்லாம் சொன்னேன். இது நல்ல வீடு என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்தது. தங்கச்சி குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அதிகம் பேசுகிறவள் இல்லை.

“அக்கா, அவங்கள ஏமாத்திற்றன் எண்டு நீ நினைச்சிக்கிட்டு இரிக்காய்,” என்றாள். “இத வீடெண்டு நம்பினது அவங்களும் நீயும்தான்.”

சிறுபிள்ளை, அவளுக்கு என்ன தெரியும் என்று சொல்லலாம். ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மேட்டில் நின்று ஒவ்வொரு நாளும் அவர்களைப் பார்த்து நான் சிரித்தேன், தங்கச்சி கீழே தெருவில் நின்று எங்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கு அங்கே இரண்டு கூட்டம் தெரியவில்லை. அந்த அவமானம் இப்போதும் என்னைவிட்டுப் போகவில்லை.

கல்வீடு கட்டுவது என்று முடிவாயிற்று. என் காதிலும் கழுத்திலும் கிடந்தது சீமெந்தாகவும் கம்பியாகவும் மாறியது. கூலி வேண்டாம், என் பெண்டாட்டியின் வீட்டை நானே கட்டுகிறேன் என்று மேசன் சொன்னான். அந்த அளவுக்கு அவன் நல்லவன். ஆனால் கட்டுவதற்கு இடம் அந்த மேடு ஒன்றுதான்.

கிடுகை இறக்கியபிறகு சுவரை இடிக்க இரும்பு அலவாங்கோடு அவனே வந்தான். தங்கச்சி குசினியில் இருந்த சட்டி பானைகளை வெளியே எடுத்து வைத்தாள். நான் வளவுக்குள் நின்றேன். அவன் சாமி அறைச் சுவரில் இருந்து தொடங்கினான். அலவாங்கு மண்ணில் ஏறி அப்படியே நின்றது. இழுத்தெடுத்து மறுபடி குத்தினான். கையளவு மண் விழுந்தது, வைக்கோல் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. சீமெந்துச் சுவர் என்றால் இதற்குள் பாதி விழுந்திருக்கும். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுத் திரும்பவும் குத்தினான். வியர்வை வழிந்தது. கடைசியில் அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்று, விழுந்த மண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான்.

“ஆரு மச்சாள் இந்த மண்ணக் குழைச்சது?” என்று கேட்டான்.

வெள்ளைக்காரர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுவரை அந்தக் காணியில் நடந்த கேலிக்கூத்துகள் எல்லாவற்றையும் அவர்கள் தலையில்தான் போட்டு வந்திருந்தேன்.

“நான்தான்” என்றேன்.

அவன் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். ஒரு மேசன் இன்னொரு மேசனைப் பார்க்கிற பார்வை அது, வேறொன்றும் அதில் இல்லை. “நல்லாக் குழைச்சிரிக்கிறீங்க” என்றான். பிறகு உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டு அலவாங்கை மறுபடியும் ஓங்கினான்.